கப்பலின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் ஊர்

கப்பலின் பெயரைப் படிக்கிறவர்கள் நிறையப் பேர். பின்பக்கமாகப் போய், பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் ஊரைப் படிக்கிறவர்கள் குறைவு. நான் படிப்பேன். கப்பல் ஏஜென்சி ஒன்றில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்த பழக்கம் அது. கடதாசிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு லோஞ்சுப் படகில் போகும்போது, கப்பலைச் சுற்றி ஏணிப் பக்கம் திரும்புவதற்குள் அந்த ஊர்ப் பெயர்தான் கண்ணில் படும். மஜுரோ, நாசோ, மொரோனி, மொன்ரோவியா, பனாமா. திருகோணமலைக்குக் கோதுமையோ சீமெந்துக்கான கிளிங்கரோ கொண்டு வரும் எத்தனையோ கப்பல்கள், தாங்கள் ஒருநாளும் போய்ப் பார்த்திராத ஊரின் பெயரை முதுகில் சுமந்துகொண்டு வருகின்றன. மஜுரோ மார்ஷல் தீவுகளின் தலைநகர். நாசோ பகாமாசின் தலைநகர். மொரோனி கொமொரோசுடையது. மார்ஷல் தீவுகளின் கப்பல் பதிவை நடத்தும் அலுவலகம் அமெரிக்காவில், வேர்ஜீனியாவில் இருக்கிறது என்று தெரிந்த அன்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கொடி அந்தத் தீவுடையது, அந்தத் தளத்தில் செல்லுபடியாகும் சட்டமும் அந்தத் தீவுடையதுதான்.

இதை இப்போது எழுதக் காரணம் தங்கச்சியின் கணவர். கப்பலின் எஞ்சின் அறையில் ஒயிலராக இருக்கிறார். செங்கடல் பக்கம் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கியதிலிருந்து தங்கச்சி வீட்டில் யாருக்கும் சரியான நித்திரை இல்லை. போன மாதம் அவர் வாட்ஸப்பில் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார், பின்னால் எஞ்சின் அறைச் சத்தம் வேறு: "மச்சான், நான் இப்ப ஏறியிருக்கிறது நாசோ கப்பல். யாரும் வந்து எங்களைச் சுட்டுப்போட்டா ஆரிட்டப் போய்க் கேக்கிறது?"

நல்ல கேள்வி. இரண்டு நாள் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தேன்.

சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் என்ற பெயர் எங்கள் ஊரில் புதிதல்ல. பதாகைகளில் இருக்கிறது, ஊர்வலங்களில் இருக்கிறது, பஸ்ஸில் கதைக்கிற கதையில்கூட இருக்கிறது. ஆனால் பலர் அதையும் சர்வதேச நீதிமன்றத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், இரண்டும் ஒரே ஹேக் நகரில் இருப்பதால். சர்வதேச நீதிமன்றம் நாட்டுக்கும் நாட்டுக்கும் நடுவில் வழக்குப் பார்ப்பது. குற்றவியல் நீதிமன்றம் ஆட்களைப் பிடித்துக் கூண்டில் ஏற்றுவது. இனவழிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம், போர்க்குற்றம், ஆக்கிரமிப்பு என்று நான்கு வகைக் குற்றம். 1998 ஜூலை 17 அன்று ரோமில் அதன் சாசனத்துக்கு ஆதரவாக 120 நாடுகள் வாக்களித்தன, எதிராக 7, ஒதுங்கியவை 21. அறுபது நாடுகள் உறுதிப்படுத்தியதும் 2002 ஜூலை 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 2025 தொடக்கத்தில் உறுப்பு நாடுகள் 125. இலங்கை அதில் இல்லை. கையெழுத்துக்கூடப் போடவில்லை.

மச்சானின் கேள்விக்கு விடை சாசனத்தின் 12ஆம் உறுப்புரையில் இருக்கிறது. குற்றம் நடந்த மண் உறுப்பு நாட்டுடையதாக இருக்கவேண்டும், அல்லது குற்றம் செய்தவர் உறுப்பு நாட்டுக் குடிமகனாக இருக்கவேண்டும். குற்றம் கப்பலிலோ விமானத்திலோ நடந்தால், அது எந்த நாட்டில் பதிவு செய்யப்பட்டதோ அந்த நாடு உறுப்பு நாடாக இருக்கவேண்டும். அவ்வளவுதான் வழி. (ஐ.நா. பாதுகாப்புச் சபை அனுப்பி வைக்கிற வழி ஒன்றும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.) ஆக, பின்பக்கத்தில் மஜுரோ என்று எழுதியிருந்தால் அந்த நீதிமன்றத்தின் கை அந்தத் தளம்வரை நீளும், மார்ஷல் தீவுகள் உறுப்பு நாடு. நாசோ என்று எழுதியிருந்தால் நீளாது. பகாமாஸ் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கையெழுத்துப் போட்டது, போட்டதோடு சரி. பொன்னுருக்கல் முடிந்தும் தாலி ஏறாத கலியாணம் மாதிரி கால் நூற்றாண்டாக அப்படியே நிற்கிறது. ஜமைக்காவும் அதே கதை, சொலமன் தீவுகளும் அதே கதை.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2010 மே 31 அன்று காசாவுக்கு உதவிப் பொருள் கொண்டுபோன மாவி மர்மரா கப்பலில் இஸ்ரேலியப் படையினர் இறங்கியபோது ஒன்பது பேர் இறந்தார்கள், காயப்பட்ட ஒருவர் சில வருடங்களுக்குப் பிறகு இறந்தார். கப்பலில் இருந்தவர்களில் துருக்கியர்கள் அதிகம், துருக்கி உறுப்பு நாடு இல்லை. இஸ்ரேலும் இல்லை. ஆனால் கப்பலின் பதிவு கொமொரோசில். 2013இல் கொமொரோஸ், எங்கள் மாவட்டங்கள் இரண்டு மூன்றைச் சேர்த்தால் வரும் சனத்தொகை கொண்ட நாடு, அந்தச் சம்பவத்தை ஹேக்கில் கொண்டுபோய்ப் போட்டது. வழக்கு விசாரணைவரை போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். போர்க்குற்றம் நடந்ததாக நம்ப நியாயமான அடிப்படை உண்டு, ஆனால் நீதிமன்றம் எடுக்கும் அளவுக்குப் பாரதூரமில்லை என்று வழக்குத் தொடுநர் மறுத்தார். திரும்பப் பாருங்கள் என்று நீதிபதிகள் சொன்னார்கள், அவர் மறுபடியும் மறுத்தார், இப்படியே இழுபட்டு 2020இல் முடிந்தது. இருந்தாலும் அந்த வாசலைத் தட்ட ஒரு கை இருந்ததே, அது ஒரு குட்டித் தீவின் கை.

சரி, இந்த நீதிமன்றமே ஒரு குட்டித் தீவின் யோசனையில் உயிர்பெற்றது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நூரம்பேர்க், டோக்கியோ விசாரணைகளுக்குப் பிறகு நிரந்தர நீதிமன்றம் பற்றிய பேச்சு பனிப்போரில் உறைந்து கிடந்தது. 1989இல் திரினிடாட் டொபாகோவின் பிரதமர் ஏ.என்.ஆர். ரொபின்சன்தான் அதை ஐ.நா. பொதுச்சபையில் மறுபடி எழுப்பினார். அவருடைய தலைவலி போதைப்பொருள் கடத்தல். கரீபியன் கடல் வழியாகப் போகும் சரக்குக்குப் பின்னால் இருக்கும் ஆட்களைப் பிடிக்க ஒரு சின்ன நாட்டின் பொலிசாலும் கோர்ட்டாலும் முடியாது, எல்லாருக்கும் பொதுவாக ஒன்று வேண்டும் என்று கேட்டார். கடைசியில் சாசனம் எழுதி முடித்தபோது போதைப்பொருள் அதில் இல்லை! விதை போட்டவர் கேட்ட கனி மட்டும் காய்க்கவில்லை. ஆனாலும் 1999 ஏப்ரலில், செனகலுக்கு அடுத்து, உலகிலேயே இரண்டாவதாக உறுதிப்படுத்திய நாடு திரினிடாட்தான்.

ரொபின்சன் பற்றி இன்னொன்று. அந்த உரைக்கு அடுத்த வருடம், 1990 ஜூலையில், ஆயுதக் குழு ஒன்று அவருடைய நாட்டுப் பாராளுமன்றத்துக்குள் புகுந்து அவரையும் மற்ற உறுப்பினர்களையும் ஆறு நாள் பணயமாக வைத்திருந்தது. அவரை அடித்தார்கள், காலில் சுட்டார்கள். அதற்கு முதல் வாரம் அங்கே யாரிடமாவது கேட்டிருந்தால், இது எண்ணெயும் கிரிக்கெட்டும் உள்ள அமைதியான தீவு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

இந்தப் பதிவை எழுத வைத்ததே அந்த "அமைதியான தீவு" என்ற சொல்தான்.

இன்னும் சேராத தீவுகள் இருக்கின்றன. பசிபிக்கில் தொங்கா, துவாலு, பலாவு, மைக்ரோனேசியா, சொலமன் தீவுகள். கரீபியனில் பகாமாசும் ஜமைக்காவும். அவர்களிடம் போய்ச் சேரச் சொல்கிறவர்களுக்குக் கிடைக்கும் பதிலை எங்கள் ஊர்ப் பாசையில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்: எங்களிடம் போர் இல்லை, இராணுவமே இல்லை, எங்களுக்கு எதற்கு ஹேக்? பார்த்தால் நியாயமான பதில். தலைக்கு மேல் கடல் ஏறிவரும் துவாலுவுக்கு ஆயிரம் வேலை. ஆனால் இலங்கையும் 1948இல் அப்படிச் சொல்லியிருக்கும். அன்று எங்களைவிட அமைதியான தீவு எது? பத்தே வருடத்தில் 1958 இனக்கலவரம் வந்தது. அப்புறம் வந்ததை இங்கே விரிக்க வேண்டியதில்லை, இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அதை நடந்து கடந்தவர்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். இந்த நீதிமன்றம் பின்னோக்கிப் பார்க்காது. ஒரு நாடு சேர்ந்தால், சாசனம் அந்த நாட்டுக்கு நடைமுறைக்கு வந்த நாளிலிருந்துதான் கணக்கு. அதற்கு முதல் நாள் நடந்தது கணக்கில் இல்லை. ஆகவே, ஒரு தீவு எப்போது சேரவேண்டும்? ஒன்றும் நடக்காதபோது. நடக்கத் தொடங்கிய பிறகு ஆட்சியில் இருக்கிறவர் யாராவது தன் கழுத்துக்குத் தானே கயிறு அளந்து கொடுப்பாரா? வெயில் நேரத்தில் கூரை வேயாமல் மழை வந்தபிறகு ஓலை தேடுகிறவனை எங்கள் ஊரில் என்ன சொல்வோமோ அதைத்தான் எங்கள் நாட்டைப் பற்றி நான் சொல்வேன்.

எதிர்வீட்டு அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது. 2008இல் கடைக்குப் போன மகன் திரும்பவில்லை. போராட்டம் என்று எங்கே கூப்பிட்டாலும் படத்தைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பா. ஒருநாள் படலையடியில் நின்று கேட்டா:

"தம்பி, உங்களுக்கு வாசிக்கத் தெரியும்தானே. இவங்கள் அந்தச் சட்டத்தில கையெழுத்துப் போட்டா என்ர பிள்ளையின்ர வழக்கை எடுப்பாங்களோ?"

இல்லை என்று சொல்ல நா வரவில்லை. ஆனால் பொய் சொல்லவும் முடியவில்லை. "இண்டைக்குப் போட்டா இண்டைக்குப் பிறகு நடக்கிறதுக்குத்தான் அக்கா" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றா. பிறகு, "அப்ப அண்டைக்கே போட்டிருக்கவேணும்" என்றா.

சட்டத்தரணிகள் பக்கம் பக்கமாக எழுதுவதை அக்கா ஒரு வரியில் முடித்துவிட்டா.

முழுக்கச் சரியாகச் சொன்னால், ஒரு சின்ன வாசல் இருக்கிறது. 12ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தியின்படி ஒரு நாடு தானாகவே பிரகடனம் செய்து, 2002 ஜூலை 1 வரை பின்னால் போய் நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்கலாம். உக்ரேன் சேருவதற்கு முன்பே அப்படிப் பிரகடனம் செய்தது. இலங்கை அரசாங்கம் எதுவும் தானாக அப்படிச் செய்யும் என்று நான் நம்பவில்லை, நீங்களும் நம்பமாட்டீர்கள். மற்ற வழி பாதுகாப்புச் சபை. தார்பூர் 2005இலும் லிபியா 2011இலும் அப்படித்தான் போயின. வீட்டோ கையில் உள்ள ஐந்து பேரும் ஒரே நாளில் நல்ல மனதோடு எழும்பவேண்டும். அதனால் தென்னிலங்கையில் "சேர்ந்தால் 2009 (போரின் கடைசி மாதங்கள்) வந்துவிடும்" என்று பயப்படுகிறவர்களும், எங்கள் பக்கத்தில் "சேர்ந்தால் 2009 வரும்" என்று நம்புகிறவர்களும் ஒரே பிழையைத்தான் விடுகிறார்கள். தன்பாட்டில் வராது. வரப்போவது இனிமேல் நடப்பது மட்டும்தான். அதுவும் சின்ன விஷயமா?

எங்கள் மாவட்டத்தையே எடுத்துப் பாருங்கள். 1996 பெப்ரவரியில் குமாரபுரம் கிராமத்துப் படுகொலை. அது 2002க்கு முன்னால், எந்தப் பிரகடனமும் அதை எட்டாது. இருபது வருடம் இழுபட்டு, 2016இல் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரும் விடுதலை. 2006 ஜனவரி 2, கடற்கரையில் காந்தி சிலையடியில் கூடி நின்ற மாணவர்கள் ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2019 ஜூலையில் அந்த வழக்கின் பதின்மூன்று அதிரடிப்படையினரும் விடுதலை. அதே 2006 ஏப்ரலில் சந்தையில் குண்டு, அதைத் தொடர்ந்து எரிந்த கடைகள். ஓகஸ்ட் 4 மூதூரில் பிரெஞ்சு உதவி நிறுவனமொன்றின் ஊழியர்கள் பதினேழு பேர் கொல்லப்பட்டார்கள். அதே போரில் இரவோடு இரவாக மூதூரை விட்டு நடந்த முஸ்லிம் குடும்பங்கள், எல்லைக் கிராமங்களில் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்ட சிங்கள விவசாயிகள், பள்ளிக்கூடம் போய்வரும் வழியில் பிடித்துக்கொண்டு போகப்பட்ட எங்கள் பிள்ளைகள். கடைசியாகச் சொன்னதை எங்கள் ஆட்கள் பலர் கதைக்கவே விரும்பமாட்டார்கள். ஆனால் ஹேக் நீதிமன்றத்தின் முதல் தீர்ப்பே அதைப் பற்றித்தான். கொங்கோவின் தோமஸ் லுபாங்கா என்ற ஆயுதக் குழுத் தலைவர் சிறுவர்களைப் படையில் சேர்த்ததற்காக 2012இல் குற்றவாளியானார், பதினான்கு வருடம் கிடைத்தது. சீருடை போட்டவனா போடாதவனா என்று அந்தச் சாசனம் பார்ப்பதில்லை.

இனி 2024 டிசம்பருக்கு வருகிறேன். முல்லைத்தீவுக் கடலில், மியன்மாரின் ரோகிங்கியா அகதிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்களோடு ஒரு படகு மிதந்துகொண்டிருப்பதை மீனவர்கள் கண்டார்கள். கடற்படை அவர்களைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்தது. குழந்தைகள், வயிற்றில் பிள்ளையோடு பெண்கள். ஜமாலியாவில் பாடசாலையில் தங்கவைத்திருந்தபோது எங்களோடு முன்பு வேலை பார்த்த நானா ஒருவர் சோற்றுப் பார்சலோடு போய் வந்து சொன்னார்: "ஒண்ணுமே கேக்கல தம்பி அதுகள். குந்தி இருந்து எங்கட முகத்தையே பாத்துக்கொண்டு இருந்திச்சுகள்." இரண்டு நாள் ஊரே சாப்பாடும் உடுப்பும் கொடுத்தது, அதில் எந்தச் சாதி சமயமும் பார்க்கவில்லை, எங்கள் ஊரைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லக்கூடிய சில விஷயங்களில் அது ஒன்று.

அந்தப் படகு வருவதற்கு மூன்று வாரம் முன்னால், நவம்பர் 27 அன்று, ஹேக் வழக்குத் தொடுநர் மியன்மாரின் இராணுவத் தலைவர் மின் ஆங் லாய்ங்குக்குப் பிடியாணை கேட்டு விண்ணப்பித்திருந்தார். மியன்மார் உறுப்பு நாடு இல்லையே, எப்படி? பங்களாதேஷ் உறுப்பு நாடு. 2010இல் சேர்ந்தது. ஆட்களை நாடு கடத்துவது என்ற குற்றம் எல்லையைத் தாண்டும்போதுதான் முழுமையாகிறது, தாண்டிக் கால் வைத்த மண் பங்களாதேஷுடையது, ஆகவே குற்றத்தின் ஒரு பாதி உறுப்பு நாட்டில் நடந்திருக்கிறது என்று 2018 செப்டம்பரில் நீதிபதிகள் சொன்னார்கள். 2017 ஓகஸ்டுக்குப் பிறகு ஓடிவந்த ஏழு இலட்சம் பேருக்கு மேற்பட்டவர்களுக்குச் சட்டம் என்று ஒன்று கிடைத்தது, பக்கத்து நாடு ஏழு வருடம் முன்னால், இப்படி ஒன்று வருமென்று நினைக்காமலே, போட்டு வைத்த கையெழுத்தால்.

அந்தக் கால்கள் திருகோணமலை இறங்குதுறையிலும் பட்டன. ஆனால் எங்கள் கரைக்கு அந்தப் பலம் இல்லை. சோறு கொடுத்தோம், பாய் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரு வழக்குக்கான மண்ணாக நிற்க எங்களால் முடியவில்லை. அதே படகு இன்னும் தள்ளிப்போய் மாலைதீவில் ஒதுங்கியிருந்தால் கதை வேறு, 2011இலேயே அது சேர்ந்துவிட்டது. மாலைதீவு, மொரிசியஸ், சீஷெல்ஸ், கொமொரோஸ், மடகஸ்கார் எல்லாம் உள்ளே, நடுக்கடலில் நாங்கள் மட்டும் வெளியே.

சின்னத் தீவுக்கு இந்தக் குற்றங்களில் ஒரு தனி ஆபத்து இருக்கிறது. பெரிய நாட்டில் ஒரு மக்கள் கூட்டத்தையே கிளப்புவதென்றால் வருடக்கணக்கு வேண்டும். தீவில் ஒரு கப்பல் போதும். 1943இல் ஜப்பானியர் பசிபிக்கிலுள்ள நவுறுத் தீவின் மக்களில் 1,200 பேரை ட்ரக் என்ற வேறு தீவுகளுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். 1946 ஜனவரியில் திரும்பி வந்தது 737 பேர். இன்று நவுறுவில் இருப்பதே பன்னிரண்டாயிரம் பேர் அளவில்தான். சாகோஸ் தீவுகளிலிருந்து, எங்களுக்குத் தெற்கே இதே கடலில், 1973க்குள் ஒருவர் மிச்சமில்லாமல் ஏற்றி இறக்கிவிட்டார்கள், டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளம் கட்டுவதற்காக. அந்த டியேகோ கார்சியாவில்தான் 2021 ஒக்டோபரில் எங்கள் தமிழர்களின் படகொன்று போய்ச் சிக்கி, மூன்று வருடம் கூடாரத்துக்குள் கிடந்தார்கள். பெரும்பாலானவர்களைப் பிரித்தானியாவுக்கு எடுத்தது 2024 டிசம்பரில், ரோகிங்கியாப் படகு எங்களிடம் வந்த அதே மாதம். நவுறுவுக்கும் சாகோசுக்கும் நடந்தது இன்று நடந்தால் சாசனத்தின் ஏழாம் உறுப்புரையில் பெயர் சொல்லி எழுதப்பட்ட குற்றம். அன்று நடந்ததால் வரலாறு. நவுறு 2001இலேயே சேர்ந்துவிட்டது.

ஆக்கிரமிப்புக் குற்றத்தைப் பார்த்தால், ஒரு நாட்டின் துறைமுகங்களையோ கரையையோ மறித்து முற்றுகை போடுவதும் அதற்குள் வருகிறது. துறைமுகத்துக்காகவே ஒல்லாந்தன், பிரெஞ்சுக்காரன், வெள்ளைக்காரன் என்று மாறி மாறி அடிபட்ட, 1942 ஏப்ரல் 9 காலையில் ஜப்பான் குண்டு போட்ட ஊரில் இருந்துகொண்டு அந்த வரியை வாசிக்கும்போது கொஞ்சம் உடம்பு சிலிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் உறுப்பு நாடாக இல்லாத நாட்டின் மண்ணில் நடந்த ஆக்கிரமிப்பை, பாதுகாப்புச் சபை அனுப்பினால் ஒழிய, இந்த நீதிமன்றம் எடுக்கவே முடியாது. படை இல்லாத நாடுகளுக்குத்தான் இந்தக் காப்பு அதிகம் தேவை, அந்த நாடுகளில் சிலதான் வெளியே நிற்கின்றன.

செலவு பெரிது என்கிறார்கள். ஐ.நா. அளவுகோலின்படிதான் பங்கு, ஆகச் சின்ன நாடுகளுக்கு வருடத்துக்குச் சில ஆயிரம் யூரோதான் வரும். வாக்கு மட்டும் ஜெர்மனிக்கும் ஒன்று, நவுறுவுக்கும் ஒன்று. சட்டம் எழுத ஆள் இல்லை என்பது உண்மையான கஷ்டம், அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் நாலு பேர் இருக்கிற நாட்டில் யார் உட்கார்ந்து எழுதுவது? சமோவா எழுதியது, 2007இல். முதல் பதினெட்டு நீதிபதிகளில் ஒருவராகவும் சமோவாக்காரர் துயிலோமா நெரோனி ஸ்லேட் இருந்தார். பதவியில் இருப்பவருக்கு விலக்கு இல்லை என்ற 27ஆம் உறுப்புரை அரசர் உள்ள தொங்காவுக்குச் சங்கடமாக இருக்கலாம். மன்னர் உள்ள பிரித்தானியா, நெதர்லாந்து, ஜப்பான் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன, எந்த முடியும் கீழே விழவில்லை.

உண்மையான பயம் அமெரிக்கா. அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். 2003இல், அமெரிக்கர்களை ஹேக்குக்கு ஒப்படைக்கமாட்டோம் என்று எழுதிக் கொடுக்காத நாடுகளுக்கு வாஷிங்டன் இராணுவ உதவியை நிறுத்தியது, அதில் திரினிடாட், பார்படோஸ் போன்ற தீவுகளும் இருந்தன. 2025இல் நீதிபதிகளுக்கும் வழக்குத் தொடுநர்களுக்கும் தடை விதித்தது, ஓகஸ்டில் தடைக்கு உள்ளான துணை வழக்குத் தொடுநர் நஸாத் ஷமீம் கான் பிஜிக்காரர். எனவே பயம் வீண் பயம் இல்லை. ஆனால் பலாவும் மைக்ரோனேசியாவும் இதைச் சாட்டாகச் சொன்னால் நான் மார்ஷல் தீவுகளைக் காட்டுவேன். அமெரிக்கப் பணத்தில் அவ்வளவு தங்கியிருக்கிற, அமெரிக்க ஏவுகணைத் தளம் உள்ளேயே இருக்கிற, 1946க்கும் 1958க்கும் இடையில் 67 அணுகுண்டுச் சோதனைகளைத் தாங்கிய நாடு அது. அதுவே 2000 டிசம்பரில் உறுதிப்படுத்திவிட்டது.

நீதிமன்றத்தில் குறை இல்லையா? நிறைய. போர்க்குற்றம் போன்றவற்றுக்குத் தண்டனை பெற்றவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம், அவர்களில் பெரும்பாலும் எல்லாரும் ஆபிரிக்கர்கள். பிடியாணை இருந்தும் புட்டின் 2024 செப்டம்பரில் உறுப்பு நாடான மொங்கோலியாவுக்குப் போய் விருந்துண்டு வந்தார். நெதன்யாகுவை ஹங்கேரி வரவேற்றது, கையோடு விலகுவதாகவும் அறிவித்தது. பெரியவனைப் பிடிக்காத வலை என்று சொல்கிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2025 மார்ச் 11 அன்று மணிலா விமான நிலையத்தில் பிலிப்பைன்சின் முன்னாள் ஜனாதிபதி டுட்டர்ட்டேயைப் பிடித்தார்களே. பிலிப்பைன்ஸ் 2019இலேயே விலகிவிட்டது. அது உறுப்பு நாடான 2011 நவம்பர் முதல் விலகிய நாள்வரை நடந்தவை மட்டும் கணக்கில் நின்றன, அது போதுமாக இருந்தது. திரும்பவும் பாருங்கள், எல்லாம் திகதிதான்.

உள்ளே இருந்தால்தான் சாசனத்தைத் திருத்தவும் கேட்கலாம். வனுவாட்டு, பிஜி, சமோவா மூன்றும் 2024இல் சூழல் அழிப்பை ஐந்தாவது குற்றமாகச் சேர்க்கச் சொல்லி முன்வைத்திருக்கின்றன. கடலுக்கே குரல் கொடுக்கிற வேலை அது. 2021இல் சிங்கப்பூரில் பதிவான எக்ஸ்பிரஸ் பேர்ல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கி, பிளாஸ்டிக் மணிகளைக் கரை முழுக்கக் கொட்டியதே, அப்படி ஒன்று அந்தக் குற்றத்துக்குள் வருமா வராதா என்ற வாதத்தை நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் கேட்கவேண்டும்.

சேருகிற முறை லேசு. உறுதிப்படுத்திய பத்திரத்தை நியூயோர்க்கில் ஐ.நா. செயலாளர் நாயகத்திடம் கொடுக்கவேண்டும். அறுபது நாள் கழித்து வரும் மாதத்தின் முதலாம் திகதி, நடைமுறைக்கு வந்துவிடும். கிரிபாட்டி 2019 நவம்பர் 26 அன்று கொடுத்தது, 2020 பெப்ரவரி 1இலிருந்து கணக்கு. கிரிபாட்டியில் போர் ஏதும் நடந்து அவர்கள் கொடுக்கவில்லை. சும்மா இருந்த நேரத்தில் கொடுத்தார்கள்.

மச்சானுக்கு நாசோக் கப்பலில் ஒப்பந்தம் முடிந்து, போன வாரம் வேறு கப்பலில் ஏறியிருக்கிறார். ஏறுவதற்கு முன் துறையில் நின்று அதன் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார், துருப்பிடித்த வெள்ளை எழுத்தில் மஜுரோ. "இது உள்ளயோ வெளியயோ மச்சான்?" என்று கீழே எழுதியிருந்தார்.

"உள்ள. 2002 ஜூலை 1இலிருந்து" என்று பதில் போட்டேன்.